ஒரே செல், உறுப்புக்கு ஒரு குணம்



2005-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து விஞ்ஞானிகள் வெளியிட்ட ஓர் ஆய்வை முதலில் சொல்லிவிடுகிறோம். அவர்கள் சில சுண்டெலிகளின் உடலில் புற்றுக்கட்டிச் செல்களை ஊசி வழியே செலுத்தினார்கள். அந்தச் சுண்டெலிகளுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. என்.கே.டி. செல் என்னும் ஒருவகை வெள்ளணு அவற்றின் உடலில் அறவே இல்லை. ஆகவே கட்டி தங்குதடையின்றி வளரும்.

பிறகு அந்தக் குறையை விஞ்ஞானிகளே நிரப்பினார்கள். நல்ல நிலையில் உள்ள வேறு சுண்டெலிகளிடமிருந்து என்.கே.டி. செல்களைப் பிரித்தெடுத்து இவற்றுக்குக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் கல்லீரலிலிருந்து எடுத்த செல்கள். இன்னொரு கூட்டத்துக்குத் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த செல்கள். இரண்டும் ஒரே பெயர் கொண்டவை. இரண்டின் மேற்பரப்பிலும் ஒரே அடையாளம். அப்படியானால் பலனும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்?

இல்லை. கல்லீரலிலிருந்து வந்த செல்கள் கட்டியை நன்றாக எதிர்த்தன. தைமஸிலிருந்து வந்தவை அந்த அளவுக்கு உதவவில்லை.

ஒரே வகைச் செல் இருக்கும் இடத்தைப் பொறுத்து எப்படி வேறுபட முடியும்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். விடை தெரிந்தால் மருத்துவத்தில் அதன் பயன் பெரிது.

என்.கே.டி. செல் என்பது யாது?

நம் இரத்தத்தில் சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் உள்ளன என்பதை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். நோய்க்கிருமிகளோடு போரிடுவது வெள்ளணுக்களின் வேலை. இவற்றில் லிம்ஃபோசைட்டு என்று ஓர் இனம் உண்டு. அந்த இனத்திலும் பல பிரிவுகள் இருக்கின்றன.

ஒரு பிரிவு டி செல்கள். மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்னும் சுரப்பி இருக்கிறது. வெகுகாலம்வரை இது எதற்குப் பயன்படுகிறது என்பது எவருக்கும் விளங்கவில்லை. 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, பிறந்து ஓரிரு நாளே ஆன சுண்டெலிக் குட்டிகளிடமிருந்து தைமஸை அகற்றிப் பார்த்தார். அக்குட்டிகள் நோய்த்தொற்றைத் தாங்கும் வலுவின்றிப் போயின. அந்நிய எலியின் தோலை ஒட்டினாலும் அவற்றின் உடல் அதை எதிர்க்கவில்லை. எதிர்ப்பாற்றலுக்கு வேண்டிய செல்கள் தைமஸில்தான் பயிற்சி பெறுகின்றன என்பது இதனால் தெரியவந்தது. தைமஸ் என்ற சொல்லின் முதலெழுத்தை ஒட்டியே அவற்றுக்கு டி செல்கள் என்று பெயர் வந்தது.

டி செல் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் ஏற்பி என்று ஒரு புரதம் உண்டு. கிருமியின் துண்டு இந்த ஏற்பியில் பூட்டில் சாவி பொருந்துவதுபோல் பொருந்தினால்தான் அந்த டி செல் விழித்தெழும். சாதாரண டி செல்களில் இந்த ஏற்பிகள் கோடிக்கணக்கான விதங்களில் அமைந்துள்ளன. ஒவ்வொரு விதத்திலும் சில செல்களே இருப்பதால், ஒரு புதிய கிருமி நுழைந்தால் அதற்குப் பொருந்தும் டி செல் பெருகிப் படையாகத் திரள ஒரு வாரம்கூட ஆகலாம்.

இன்னொரு பிரிவு இயற்கைக் கொல்லி செல்கள். சுவீடனிலும் அமெரிக்காவிலும் 1975-ஆம் ஆண்டு வாக்கில் இவை அறியப்பட்டன. முன்பயிற்சி எதுவுமின்றி, கெட்டுப்போன செல்லைக் கண்டவுடன் கொல்லும் திறன் உடையவை இவை. இயற்கைக் கொல்லி என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே என்.கே. என்பவை.

1980-களில் இவ்விரண்டின் அடையாளங்களையும் ஒருங்கே தாங்கிய ஒரு செல் சுண்டெலிகளில் தென்பட்டது. டி செல்லைப்போல் ஏற்பியும் இருந்தது. இயற்கைக் கொல்லி செல்லின் முத்திரையும் இருந்தது. 1995 முதல் இதற்கு என்.கே.டி. செல் என்ற பெயர் வழக்கில் வந்தது.

இச்செல்லின் பெரும்பாலானவற்றில் ஒரு விந்தை உண்டு. சாதாரண டி செல்களின் ஏற்பிகள் கோடி விதம் என்றோமல்லவா? இவற்றின் ஏற்பியோ ஏறக்குறைய ஒரே விதம். ஏற்பியின் இரு சங்கிலிகளில் ஒன்று எல்லாச் செல்களிலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. இந்தச் சங்கிலியை முதலில் இனங்கண்ட பெருமை ஜப்பானைச் சேர்ந்த மசாரு தனிகுச்சியின் குழுவினருக்கு உரியது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சாதாரண டி செல் புரதத் துண்டுகளை இனங்காணும். என்.கே.டி. செல்லோ கொழுப்புப் பொருள்களை இனங்காணும். சி.டி.1டி என்னும் புரதம் ஒரு தட்டைப்போல் அக்கொழுப்பை ஏந்திக்காட்ட, என்.கே.டி. செல் அதைத் தொட்டுணர்கிறது. தொட்டுணர்ந்த சில மணி நேரத்துக்குள்ளேயே செய்திப் பொருள்களை மளமளவென்று சுரந்துவிடுகிறது. சைட்டோகைன்கள் எனப்படும் இப்பொருள்கள் மற்ற வெள்ளணுக்களுக்கு ஆணைகளைப் போல. "தாக்கு" என்று சொல்லும் சைட்டோகைன் உண்டு. "அடங்கு" என்று சொல்லும் சைட்டோகைனும் உண்டு.

கடற்பஞ்சு தந்த சாவி

என்.கே.டி. செல்லின் பூட்டுக்குப் பொருந்தும் சிறந்த சாவி எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? கடலிலிருந்து!

ஜப்பானின் ஒக்கினாவா தீவுக் கடலில் வாழும் ஒருவகைக் கடற்பஞ்சிலிருந்து, புற்றுக்கட்டியை எதிர்க்கும் கொழுப்புப் பொருள்களைக் கிரின் என்னும் மதுபான நிறுவனத்தின் மருந்து ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்து 1993-இல் அறிவித்தார்கள். அதை ஒட்டிச் சற்று மாற்றி ஆய்வகத்தில் உண்டாக்கிய பொருளுக்கு ஆல்ஃபா காலக்டோசில் செரமைடு என்று பெயர். சர்க்கரை மூலக்கூறு ஒன்றும் கொழுப்பு வால்கள் இரண்டும் சேர்ந்தது இது. சுண்டெலிகளில் இது கட்டியை எதிர்த்தது. ஆனால் எப்படி எதிர்க்கிறது என்பது புதிராகவே இருந்தது. 1997-இல் தனிகுச்சியின் குழுவினர் அப்புதிரை விடுவித்தார்கள். அப்பொருள் தானாகக் கட்டியைக் கொல்லவில்லை, என்.கே.டி. செல்களைத் தட்டியெழுப்பியே வேலை செய்கிறது.

இந்தச் சாவி கிடைத்ததால் இன்னொரு நன்மையும் விளைந்தது. 2000-ஆம் ஆண்டில் இரு குழுக்கள் ஒரு நல்ல உத்தியைக் கையாண்டன. சி.டி.1டி தட்டுகள் நான்கை ஒன்றாகப் பிணைத்து, ஒவ்வொன்றிலும் இந்தக் கொழுப்பை ஏற்றி, ஒளிரும் சாயத்தையும் சேர்த்தார்கள். இந்தக் கலவையை எந்தச் செல்கூட்டத்தில் ஊற்றினாலும் அது என்.கே.டி. செல்லை மட்டும் பற்றிக்கொள்ளும். பிறகு செல்களை வரிசையாக ஒரு லேசர் கதிரின் குறுக்கே ஓடவிட்டால் போதும். சாயம் ஒட்டிய செல் ஒளிரும், கருவி எண்ணிக்கொள்ளும். அதற்கு முன்பு குத்துமதிப்பாகவே கணித்து வந்ததை, இப்போது ஒவ்வோர் உறுப்பிலும் துல்லியமாக எண்ண முடிந்தது.

எண்ணிப் பார்த்தபோது

ஆய்வகங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் கறுப்புநிறச் சுண்டெலி இனம் ஒன்று உண்டு. சி57 பிளாக் 6 என்று அதற்குப் பெயர். அதன் உறுப்புகளில் உள்ள டி செல்களில் எத்தனை என்.கே.டி. செல்கள் என்று பார்ப்போம்.

இரத்தத்திலும் தோலடி நிணநீர்க் கணுக்களிலும் ஏறத்தாழ 200-க்கு 1.

மண்ணீரலில் 100-க்கு 2 அல்லது 3.

கல்லீரலில் 100-க்கு 30 வரை!

இரத்தத்தில் அரிய பொருளாகத் தோன்றும் செல், கல்லீரலில் இத்தனை மலிந்து கிடக்கிறது. ஏன் கல்லீரலில்?

நம் குடலிலிருந்து புறப்படும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை என்பதை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். அது முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. உணவோடு குடலில் வாழும் பாக்டீரியாக்களின் துணுக்குகளும் அதில் கலந்துவரக்கூடும். ஆகவே கல்லீரல் ஒரு சுங்கச்சாவடி போன்றது. அங்குள்ள நுண்குழாய்களில் இரத்தம் மெல்ல நகர்கிறது. வரும் சரக்கைச் சோதிக்க அதைவிட வசதியான இடம் வேறு இல்லை.

2005-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், உயிருள்ள சுண்டெலியின் கல்லீரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். அந்தச் சுண்டெலியின் என்.கே.டி. செல்கள் பச்சையாக ஒளிருமாறு மரபணு மாற்றம் செய்யப்பட்டிருந்தது. அவை இரத்தத்தோடு அடித்துச் செல்லப்படவில்லை. நுண்குழாய்களின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து சென்றன. இரத்தம் ஓடும் திசையிலும் ஊர்ந்தன, அதற்கு எதிர்த்திசையிலும் ஊர்ந்தன! வேகம் நிமிடத்துக்கு 10 முதல் 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 15 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் ஒரு மில்லிமீட்டர் தூரம் கடக்க எவ்வளவு நேரமாகும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேலாகும். ஏற்பிக்குப் பொருத்தமான கொழுப்பைக் கொடுத்ததும் ஊர்வதை நிறுத்தி அங்கேயே நின்றுவிட்டன. இரவில் தெருக்களைச் சுற்றிவரும் காவலர் ஐயத்துக்கு இடமான ஒன்றைக் கண்டதும் நிற்பதைப் போன்றது இது.

2010-இல் இந்தக் காவல் வேலைக்கு நேரடிச் சான்று கிடைத்தது. உண்ணி கடிப்பதால் பரவும் லைம் நோயின் பாக்டீரியாவைச் சுண்டெலியின் இரத்தத்தில் செலுத்தினார்கள். கல்லீரலில் உள்ள குப்ஃபர் செல்கள் அதைப் பிடித்து விழுங்கி, அதன் கொழுப்பை என்.கே.டி. செல்களுக்குக் காட்டின. என்.கே.டி. செல்கள் அவற்றைச் சுற்றித் திரண்டன. என்.கே.டி. செல்கள் இல்லாத சுண்டெலிகளில் அந்தக் கிருமி உடலின் பிற பகுதிகளுக்கு மிகுதியாகப் பரவிற்று.

மூன்று கிளைகள்

எண்ணிக்கை மட்டும் வேறுபட்டால் வியப்பு அவ்வளவாக இல்லை. குணமும் வேறுபடுகிறதே, அதற்கு என்ன காரணம்?

2013-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் ஹாக்குவிஸ்டின் குழுவினர் இதில் ஒரு தெளிவை ஏற்படுத்தினார்கள். தைமஸுக்குள்ளேயே என்.கே.டி. செல்கள் மூன்று கிளைகளாகப் பிரிந்துவிடுகின்றன. செல்லின் உட்கருவில் மரபணுக்களை இயக்கும் சில புரதங்கள் உள்ளன. அவற்றுள் எது மேலோங்குகிறதோ அதைப் பொறுத்துக் கிளை அமைகிறது.

முதல் கிளை என்.கே.டி.1. இதில் டி-பெட் என்ற இயக்கி மேலோங்கும். இச்செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்னும் சைட்டோகைனை மிகுதியாகச் சுரக்கும். கெட்ட செல்களைத் தாக்குமாறு மற்ற வெள்ளணுக்களைத் தூண்டுவது இதுவே.

இரண்டாம் கிளை என்.கே.டி.2. இது இன்டர்லூக்கின்-4 என்பதைச் சுரக்கும். எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி செல்களுக்கு இது உதவும். ஒவ்வாமை நோய்களிலும் இதற்குப் பங்கு உண்டு.

மூன்றாம் கிளை என்.கே.டி.17. இது இன்டர்லூக்கின்-17 என்பதைச் சுரந்து, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களை அழற்சி உள்ள இடத்துக்கு அழைக்கும்.

இந்த மூன்று கிளைகளும் எல்லா உறுப்புகளிலும் ஒரே விகிதத்தில் இல்லை. கறுப்புச் சுண்டெலியின் கல்லீரலில் என்.கே.டி.1 மிகப் பெரும்பான்மை. நுரையீரல், தோல், தோலடி நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் என்.கே.டி.17 குறிப்பிடத்தக்க அளவில் உள்ளது. குடலை ஒட்டிய நிணநீர்க் கணுக்களில் என்.கே.டி.2-ஐக் காணலாம்.

சுண்டெலி இனத்துக்கு இனமும் இது மாறும். பால்ப்-சி என்னும் வெள்ளைச் சுண்டெலியில் என்.கே.டி.2 செல்கள் கறுப்புச் சுண்டெலியில் உள்ளதைவிட மிக அதிகம். ஆகவே ஓர் ஆய்வகம் கறுப்புச் சுண்டெலியிலும் மற்றோர் ஆய்வகம் வெள்ளைச் சுண்டெலியிலும் சோதித்தால், ஒன்று "என்.கே.டி. செல் தாக்கத் தூண்டுகிறது" என்றும் மற்றது "அடங்கச் செய்கிறது" என்றும் சொல்ல நேரலாம். இரண்டுமே பொய்யில்லை!

வழியைப் பொறுத்தும் விடை மாறும்

அதே குழுவினர் 2015-இல் இன்னும் ஒரு படி முன்னேறினார்கள். ஓர் உறுப்பிலிருந்து எடுத்த செல், அங்குள்ள இரத்தக் குழாய்க்குள் இருந்ததா, குழாய்க்கு வெளியே திசுவுக்குள் இருந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஓர் எளிய வழி உண்டு. உறுப்பை எடுப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை இரத்தத்தில் செலுத்திவிடவேண்டும். அந்தச் சில நிமிடங்களில் அது குழாய்க்குள் இருக்கும் செல்களை மட்டுமே தொட்டிருக்கும். திசுவுக்குள் பதுங்கியிருப்பவை சாயமின்றித் தப்பிவிடும்.

இவ்வாறு பார்த்தபோது, கல்லீரலின் என்.கே.டி.1 செல்கள் இரத்தத்தை நேரடியாகத் தொடும் இடத்தில் இருந்தன. என்.கே.டி.2 செல்களோ மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் டி செல்கள் கூடும் உட்பகுதியில் இருந்தன. ஆகவே அந்தக் கடற்பஞ்சுக் கொழுப்பை இரத்தத்தில் ஊசி வழியே செலுத்தினால் முதலில் விழிப்பவை என்.கே.டி.1 செல்கள். வாய்வழியே கொடுத்தால் குடலை ஒட்டிய கணுக்களில் உள்ள என்.கே.டி.2 செல்கள் விழித்து இன்டர்லூக்கின்-4-ஐச் சுரக்கின்றன. மருந்து ஒன்றே; சுண்டெலியும் ஒன்றே. செலுத்தும் வழி மாறினால் உடல் தரும் விடையும் மாறுகிறது.

இடம் செல்லை மாற்றுகிறதா?

இங்கே உங்களுள் சிலர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். "செல்கள் தைமஸிலேயே கிளை பிரிந்து, பிறகு தமக்கு உகந்த உறுப்புக்குப் போகின்றனவா? அல்லது உறுப்புக்குப் போன பிறகு அந்த இடம் அவற்றை மாற்றுகிறதா?"

நல்ல கேள்வி. இரண்டும் நடக்கின்றன என்பதே இன்றைய விடை.

கிளைகள் மூன்றும் தைமஸிலேயே காணப்படுவதால் முதலாவது உண்மை. போன இடத்தில் அவை நிலைத்துத் தங்குகின்றன என்பதற்கும் சான்று உண்டு. இரண்டு சுண்டெலிகளின் தோலை ஒட்டித் தைத்து, இருவருக்கும் பொதுவாக இரத்தம் ஓடச்செய்யும் ஒரு பழைய அறுவை முறை இருக்கிறது. சில வாரங்களில் சாதாரண வெள்ளணுக்கள் இரு உடல்களிலும் கலந்துவிடும். என்.கே.டி. செல்களோ பெரும்பாலும் தத்தம் உடலின் உறுப்புகளிலேயே தங்கிவிட்டன. குடிபெயர்ந்து திரியும் இயல்பு அவற்றுக்குக் குறைவு.

இரண்டாவது உண்மைக்குக் கொழுப்புத் திசு நல்ல எடுத்துக்காட்டு. சுண்டெலியின் வயிற்றுக் கொழுப்பில் என்.கே.டி. செல்கள் கணிசமாக உள்ளன. ஆனால் அவை கல்லீரலில் உள்ளவற்றைப் போன்றவை அல்ல. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 என்பதை அவை சுரக்கின்றன. மற்ற உறுப்புகளின் என்.கே.டி. செல்களில் தவறாமல் காணப்படும் பி.எல்.இசட்.எஃப். என்னும் இயக்கிப் புரதம் இவற்றில் இல்லை. 2012-இல் லிடியா லின்ச் என்ற அயர்லாந்து விஞ்ஞானியும் அவருடன் பணிபுரிந்தோரும் வெளியிட்ட ஆய்வின்படி, சுண்டெலி கொழுத்துப் பருக்கும்போது கொழுப்புத் திசுவின் இச்செல்கள் குறைகின்றன. எடை குறைந்தால் மீண்டும் கூடுகின்றன. பருத்த சுண்டெலிக்கு இச்செல்களை வெளியிலிருந்து கொடுத்தபோது எடை குறைந்தது. உடல் சர்க்கரையைக் கையாளும் திறனும் சீரடைந்தது.

குடலும் நுரையீரலும் வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றன. கிருமியே இல்லாத கூண்டுகளில் பிறந்து வளரும் சுண்டெலிகள் சில ஆய்வகங்களில் உண்டு. அவற்றின் காற்று, உணவு, நீர் எல்லாமே கிருமி நீக்கப்பட்டவை. 2012-இல் இவற்றை ஆராய்ந்தவர்கள், பெருங்குடலிலும் நுரையீரலிலும் என்.கே.டி. செல்கள் வழக்கத்துக்கு மேல் பெருகியிருப்பதைக் கண்டார்கள். அதனால் நன்மை விளையவில்லை. அந்தச் சுண்டெலிகளுக்குக் குடல் அழற்சியும் ஆஸ்துமா போன்ற நோயும் எளிதில் கடுமையாயின. பிறந்த குட்டிகளுக்குச் சாதாரணக் குடல் பாக்டீரியாக்களைப் பெறச்செய்தால் எண்ணிக்கை சீரடைந்தது, நோயும் தணிந்தது. ஆனால் வளர்ந்த பிறகு கொடுத்தால் பயனில்லை! காலத்தே பயிர் செய் என்பது இங்கும் பொருந்துகிறது. பிறந்த சில வாரங்களில் உடலோடு சேரும் பாக்டீரியாக்கள், பிற்காலத்தில் ஓர் உறுப்பில் எத்தனை என்.கே.டி. செல்கள் இருக்கவேண்டும் என்பதை வரையறுத்துவிடுகின்றன.

இப்போது மெல்போர்ன் ஆய்வுக்குத் திரும்புவோம்

தைமஸிலிருந்து எடுத்த செல்கள் ஏன் கட்டியை நன்றாக எதிர்க்கவில்லை? மெல்போர்ன் குழுவினர் ஒரு காரணத்தை ஊகித்தார்கள். தைமஸின் செல்கள் இன்டர்லூக்கின்-4-ஐச் சுரப்பவை. அதுவே தாக்குதலை அடக்கி வைக்கிறதோ?

ஊகம் இருந்தால் போதாது, சோதிக்கவேண்டும் அல்லவா? இன்டர்லூக்கின்-4-ஐ உண்டாக்கவே முடியாதபடி மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் இருந்தன. அவற்றின் தைமஸிலிருந்து என்.கே.டி. செல்களை எடுத்துக் கொடுத்தார்கள். இம்முறை கட்டியை எதிர்க்கும் திறன் தெளிவாகக் கூடியது. அதாவது அச்செல்களுக்குக் கட்டியை எதிர்க்கத் தெரியாமல் இல்லை. அவை சுரந்த மற்றொரு பொருளே தடையாக நின்றது. தடையை நீக்கியதும் திறன் வெளிப்பட்டது.

கல்லீரலின் செல்களிலும் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. சி.டி.4 என்ற அடையாளம் இல்லாத பகுதியே கட்டியை மிகுதியாக எதிர்த்தது. ஓர் உறுப்புக்குள்ளேயும் பிரிவுகள் இருக்கின்றன என்பதை இது காட்டிற்று.

சுண்டெலியிலிருந்து மனிதனுக்கு

"இதெல்லாம் சுண்டெலிக் கதை, நமக்கு என்ன?" என்று கேட்கலாம். மனித உடலிலும் இச்செல்கள் உண்டு. ஏற்பியும் மிக ஒத்தது. கடற்பஞ்சுக் கொழுப்பு மனிதச் செல்லையும் எழுப்புகிறது. ஆயினும் சுண்டெலியின் கணக்கை அப்படியே மனிதனுக்கு ஏற்றிவிட முடியாது. மனித இரத்தத்தின் டி செல்களில் இவை பெரும்பாலும் 1,000-க்கு 1 அல்லது அதற்கும் குறைவு. ஆளுக்கு ஆள் 100 மடங்குக்கு மேலும் வேறுபாடு உண்டு. சுண்டெலியின் கல்லீரலில் மலிந்து கிடக்கும் இச்செல்கள் மனிதக் கல்லீரலில் மிகச் சிலவே.

இங்கேதான் ஒரு பெரிய இடர் இருக்கிறது. சுண்டெலியின் உறுப்புகளை எடுத்து ஆராயலாம். நோயாளியிடம் அப்படிச் செய்ய முடியுமா? கையில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கலாம், அவ்வளவுதான். அந்த இரத்தத்தில் என்.கே.டி. செல்களை எண்ணி, "இவருக்குக் குறைவு, இவருக்குச் சரி" என்று சொல்லிவிடலாமா?

2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு எச்சரிக்கை விடுத்தது. ஜப்பானில் உருவான என்.ஓ.டி. என்னும் சுண்டெலி இனத்துக்குத் தானாகவே நீரிழிவு நோய் வரும். அதன் எதிர்ப்பாற்றல் செல்களே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவது காரணம். இந்த இனத்தில் என்.கே.டி. செல்கள் குறைவு என்பது முன்பே தெரிந்த செய்தி. கடற்பஞ்சுக் கொழுப்பால் அச்செல்களைத் தூண்டினால் நீரிழிவைத் தடுக்கலாம் என்றும் 2001-இல் காட்டியிருந்தார்கள். ஆகவே குறையை முன்கூட்டியே கண்டறிவது முக்கியம். ஆனால் அவற்றின் இரத்தத்தை மட்டும் சோதித்தபோது அந்தக் குறை புலப்படவே இல்லை. உறுப்புகளில் பஞ்சம், இரத்தத்திலோ எல்லாம் சரியாக இருப்பதுபோன்ற தோற்றம்!

மனிதரின் நீரிழிவு நோயில் இச்செல்கள் குறைகின்றனவா என்று இரத்தத்தை வைத்து ஆராய்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் முரணான முடிவுகளை வெளியிட்டிருந்தார்கள். ஒருவர் குறைவு என்றார். மற்றவர் மாற்றமில்லை என்றார். சுண்டெலி ஆய்வைப் படித்த பிறகு இந்தச் சச்சரவின் காரணம் ஓரளவு விளங்குகிறதல்லவா? கடைத்தெருவில் நடமாடுவோரை எண்ணி, வீடுகளுக்குள் எத்தனை பேர் என்று சொல்ல முயல்வதைப் போன்றது அது.

புற்றுநோயாளிகளுக்கு என்.கே.டி. செல்களை மருந்தாகக் கொடுக்கும் சோதனைகள் பல நாடுகளில் நடந்துள்ளன. நோயாளியின் இரத்தத்திலிருந்து இச்செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, மீண்டும் உடலில் செலுத்துவது ஒரு முறை. அப்படிச் செய்யும் மருத்துவர் எத்தனை கோடி செல்கள் என்று எண்ணினால் மட்டும் போதாது. அவற்றில் தாக்கச் சொல்பவை எத்தனை, அடங்கச் சொல்பவை எத்தனை என்றும் பார்க்கவேண்டும். செலுத்திய செல்கள் எந்த உறுப்பில் போய்த் தங்கும் என்றும் கேட்கவேண்டும். தவறான கிளையைப் பெருக்கிக் கொடுத்தால் கட்டிக்கே உதவி செய்ததாக முடியலாம்.

நீங்கள் செய்து பார்க்க

இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு தாளில் சுண்டெலியின் படம் வரைந்து, கல்லீரல், மண்ணீரல், தைமஸ், நுரையீரல், குடல், கொழுப்புத் திசு ஆகியவற்றைக் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அங்குள்ள என்.கே.டி. செல் பற்றி மேலே கண்ட ஒரு செய்தியை எழுதுங்கள். பிறகு இந்தக் கேள்விக்கு விடை தேடுங்கள்: ஒரு மருந்து என்.கே.டி. செல்லைத் தூண்டுகிறது என்று நாளிதழில் செய்தி வந்தால், அதை நம்புவதற்கு முன் அந்த ஆய்வாளரிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் யாவை?

எந்த இனச் சுண்டெலி? எந்த உறுப்பு? எந்தக் கிளை? மருந்தை எந்த வழியாகக் கொடுத்தார்கள்? இந்த நான்கையும் நீங்கள் எழுதியிருந்தால் கட்டுரையைச் சரியாகப் புரிந்துகொண்டீர்கள். ஐந்தாவதாக வேறு ஏதேனும் தோன்றியிருந்தால் அதை உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கும் அது புதிதாக இருக்கக்கூடும்.